நாற்பத்தெட்டுத் தப்பு

அன்புள்ள ரூபனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நேற்று போனில் அரை மணி நேரம் பேசினோம், நீயும் மருமகள் ஸ்டெல்லாவும் பேத்தி ஜெனியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று உன் அம்மா சொன்னாள். பேசியது எனக்கு நினைவில் இல்லை. இந்த வரியைப் படித்ததும் உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். உதட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு 'ஆரம்பிச்சிட்டார்' என்பாய். கொஞ்சம் பொறு. கடிதத்தைத் தூக்கிப் போடாமல் கடைசிவரை படி. இதை நாலு நாளாக எழுதுகிறேன். தினமும் காலையில் முதல் வரியிலிருந்து படித்துப் பார்த்தால்தான் விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது. போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ கோபப்படுவாய், நான் அதைவிடக் கோபப்படுவேன், உன் அம்மா நடுவில் வந்து போனைப் பிடுங்குவாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் நீங்கள் இருவரும் வேலைக்கு தோஹா போகும்போது ஜெனியை ஒரு வருஷம் எங்களிடம் விட்டுவிட்டுப் போவதாக இருக்கிறாய். இங்கே பள்ளிக்கூடத்தில் இடம்கூடச் சொல்லிவிட்டாய். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, வாசற்படி இறங்கவே பத்து நிமிஷம் ஆகிறது. ஆகவே ஐந்து வயதுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி வரும் அந்த மெயின் ரோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் நான்தான். அது வேண்டாம் ரூபன். குழந்தையை என்னிடம் விடாதே. எனக்கு மறதி வந்துவிட்டது. வயசான எல்லாருக்கும் வருகிற மறதியைச் சொல்லவில்லை. பிப்ரவரியில் இதை உன்னிடம் சொன்னபோது நீ மெதுவாக, "அப்பா, இந்த நாடகத்த நாம ஏற்கனவே ஒருக்கப் பாத்தாச்சு. இன்னொரு தடவ எங்கிட்ட வேணாம்" என்றாய்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நீ தோஹா போவதாகச் சொன்ன அன்றே, 'இங்க இல்லாத வேலையா அங்க கிடக்கு' என்று குதித்தவன் நான். பாஸ்போர்ட் வேலை நடக்கும்போது ஒரு வாரம் உன்னோடு பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவனும் நான்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் நீ போக மாட்டாய், அதற்காகக் கிழவன் மறதியைக் கிளப்புகிறான் என்று நீ நினைப்பதில் தப்பே இல்லை. உன் இடத்தில் நான் இருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். என் சரித்திரம் அப்படி. அந்தச் சரித்திரத்தை நீயும் நானும் பதினாறு வருஷமாக வாய் திறந்து பேசியதில்லை. பேசாமல் இந்தக் கடிதம் நகராது.

உனக்கு அப்போது இருபத்தொரு வயது, கல்லூரியில் கடைசி வருஷம். நான் துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணுவது என் வேலை. கப்பல்காரன் பக்கத்தில் ஒருவன் எண்ணுவான், கரைப்பக்கத்தில் நான் எண்ணுவேன். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, மறுபடி நாலு கோடு. ஷிப்ட் முடியும்போது இரண்டு தாளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். ஒரு மூட்டை வித்தியாசம் வந்தாலும் சட்டையைப் பிடிக்கிற வரைக்கும் போகும். இருபத்தாறு வருஷத்தில் என் தாள் தப்பு என்று எவனும் காட்டியது கிடையாது. சாகும்போதும் இந்தப் பெருமை என்னை விட்டுப் போகாது போலிருக்கிறது. என்னை மாட்டிவிட்டதும் இதே பெருமைதான்.

யூரியா மூட்டைகளைக் கட்டித் தூக்குகிற கயிற்று ஸ்லிங் ஒன்று காற்றில் சுழன்று வந்து என் தலையில் இடித்தது. ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் டீ கிளாஸை வைத்திருந்த புத்திசாலி நான். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது ஆட்களின் பெயர்கள் வரவில்லை. எண்ணிக்கொண்டே போனால் நாற்பதில் நிற்கும், அடுத்தது நாற்பத்தொன்றா இரண்டா என்று குழம்பும். தலைவலி வந்தால் கண்ணைத் திறக்க முடியாது. இதெல்லாம் உண்மை ரூபன். நீயும் பார்த்தாய். ஆனால் நான் வேலை பார்த்த கம்பெனி, ஆள் நன்றாகத்தானே நடமாடுகிறான் என்றது. நஷ்டஈடு வேண்டுமென்றால் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் நினைவுப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னது. அப்போதுதான் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிற பிச்சை அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார். "வே, கொஞ்சமா மறக்குன்னு சொன்னா எவன்வே நம்புவான்? மொத்தமா மறந்துட்டுன்னு சொல்லும். எதக் கேட்டாலும் தப்பாவே சொல்லும். அப்பந்தான் பேப்பர்ல எழுதுவான்." எனக்கு அது நியாயமாகப் பட்டது. உண்மை கையில் இருந்தது, அதன்மேல் கொஞ்சம் பொய்யைப் பூசினால் பளிச்சென்று தெரியும் என்று நினைத்தேன்.

பொய் சொன்னது நான் மட்டும் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. வீட்டு ஆளிடமும் தனியாகக் கேட்பார்கள் என்று சொன்னதால் உன்னைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். "அப்பா நம்ம வீட்டத் தாண்டி நடந்து போயிருதாவ, என் பேரயே மறந்துருதாவ" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பொய் சொல்ல வராதுப்பா" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏலே, உன்ன என்ன திருடவா சொல்லுதேன்? பெத்த அப்பனுக்காக ஒருநாள் வாயத் தொறக்க மாட்டியா?" உன் அம்மா அடுப்படியிலிருந்து, "அவன விடுங்க, நீங்க போய் என்னமும் செய்ங்க" என்றாள். நான் விடவில்லை.

அந்தப் பரிசோதனையைச் செய்தது ஒரு பெண்மணி. மனோதத்துவ நிபுணர், மருந்து எழுதுகிறவர் இல்லை, ஆனாலும் நாம் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டோம். அவர் எனக்கு ஐம்பது படங்கள் காட்டினார். குடை, கண்ணாடி, படகு, பூட்டு, இப்படிச் சின்னச் சின்னக் கோட்டுப் படங்கள். பிறகு இரண்டு இரண்டு படமாகக் காட்டி, இதில் முன்னால் பார்த்தது எது என்று கேட்டார். ஒன்று பார்த்தது, ஒன்று புதிது. ஒவ்வொரு தடவையும் பார்த்தது எது என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. தெரிந்ததும் விரலை அடுத்ததற்குக் கொண்டுபோனேன். மேசைக்கு அடியில் இடதுகை விரலில் எண்ணிக்கொண்டும் இருந்தேன். பழக்க தோஷம். நாலு, குறுக்கே ஒன்று. அலுப்பில் இரண்டு இடத்தில் கை மாறிப்போய்விட்டது, அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன். வெளியே வந்ததும் உன் காதில், "ரெண்டுதான் மக்கா தவறிட்டு, மத்தது அத்தனையும் கச்சிதமாத் தப்பு" என்று சொன்னேன். டேலி கிளார்க்கின் திமிர். பொய்யைக்கூட எண்ணிக்கை பிசகாமல் சொல்ல வேண்டும் எனக்கு.

ஒரு மணி நேரம் கழித்து நம் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். அவர் சத்தம் போடவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஐயா, கண்ண மூடிக்கிட்டு எதையாவது தொட்டிருந்தாக்கூட பாதி சரியா வந்திருக்கும். ஒண்ணுமே ஞாபகம் இல்லாத ஆளுக்கும் பாதி வரும், ஏன்னா ரெண்டுல ஒண்ணுதான். உங்களுக்கு அம்பதுல ரெண்டு. நாப்பத்தெட்டு தடவ தப்பாத் தொடணும்னா, நாப்பத்தெட்டு தடவயும் சரியானது எதுன்னு தெரிஞ்சிருக்கணும்." எனக்கு முதலில் புரியவில்லை. உனக்கு உடனே புரிந்துவிட்டது. உன் காது இரண்டும் சிவந்தன. அவர் உன் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்க சொன்னதையும் நான் எழுதித்தான் ஆகணும்" என்றார். நீ தரையைப் பார்த்தாய். தூத்துக்குடிக்குத் திரும்பிய பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. நீ போய் டிரைவர் பின்னால் உட்கார்ந்துகொண்டாய். வாகைக்குளம் தாண்டி உப்பளம் தெரிகிறவரை உன் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கூப்பிட தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். நஷ்டஈடு இல்லை என்றாகிவிட்டது. என் தலைவலி உண்மை, பெயர் மறந்தது உண்மை, அதையும் சேர்த்தே பொய் என்று எழுதிவிட்டார்கள். நியாயம்தான். நல்ல மீனோடு அழுகினதைக் கலந்து கூடையில் போட்டது நான்தானே, வாங்குகிறவன் கூடையையே வேண்டாம் என்றுதான் சொல்வான். துறைமுகத்தில் என் பெயர் 'மறதி அண்ணாச்சி' ஆனது. டீக்கடையில் சில்லறையை மறந்தால்கூட, "இங்க டாக்டர் யாரும் இல்லவே, நடிக்காதேயும்" என்பார்கள். நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இரண்டு வருஷத்தில் தலை ஓரளவு தெளிந்தது. நீ பெங்களூருக்குப் போனாய். லீவுக்கு வருவாய், காலைத் தொட்டுக் கும்பிடுவாய், கேட்டது எல்லாம் வாங்கித் தருவாய். ஆனால் நான் ஏதாவது சொன்னால் திரும்பி அம்மாவிடம், "அப்படியாம்மா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வாய். பதினாறு வருஷமாகக் கேட்கிறாய். ஒவ்வொரு தடவையும் எனக்கு வலித்தது. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், இப்போது சொல்லிவிட்டேன்.

இந்தப் புதிய மறதி இரண்டு வருஷமாக இருக்கிறது. முதலில் நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? யார் நம்புவார்கள்? ஆகவே மறைக்கப் பழகினேன். சட்டைப் பையில் துண்டுச் சீட்டு வைத்துக்கொள்வேன். பெயர் வராத ஆளை 'வாங்க அண்ணாச்சி' என்று சமாளிப்பேன். இந்த ஊரில் அது பெரிய வசதி, எல்லாரும் அண்ணாச்சிதான். உன் அம்மா மார்க்கெட்டுக்கு அனுப்பினால் வாளை மீனுக்குப் பதில் வேறு எதையாவது வாங்கி வந்து, 'இதுதான் இன்னைக்குப் புதுசா இருந்துச்சு' என்பேன். கிறிஸ்மஸுக்கு நீ வந்தபோது ரயில் எத்தனை மணிக்கு என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை நீ என்னையே உற்றுப் பார்த்தாய். உன்னை ஒரு தடவை செத்துப்போன என் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அதையும் நீ கவனித்தாய். கவனித்துவிட்டு, ஏதோ திட்டத்தோடு செய்கிறேன் என்று முடிவு கட்டிக்கொண்டாய். அந்த நேரத்தில் நான் நடிக்கத்தான் செய்தேன் ரூபன். எல்லாம் ஞாபகம் இருப்பதாக நடித்தேன்.

இனி எழுதப் போவது உன் அம்மாவுக்கும் தெரியாது. மூன்று நாளாக இந்த இடத்தில் வந்து நின்றுவிட்டுப் பேனாவை மூடினேன். பொங்கல் லீவுக்கு ஜெனியை எங்களிடம் பத்து நாள் விட்டிருந்தாய் அல்லவா, அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். உன் அம்மா மாதா கோவிலுக்குப் போயிருந்தாள். மணலில் இறங்கும்போது ஜெனி செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். சிப்பி பொறுக்கிக்கொண்டு வந்து, "தாத்தா, இதுல முத்து இருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இருக்கும், இருக்கும் என்றேன். தின்ன மக்ரூன் வேண்டும் என்றாள். ரோட்டோரத்துக் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கினேன். அங்கே பிச்சை அண்ணாச்சியைப் பார்த்தேன், பழைய கதை பேசினோம், அவர் ஆட்டோவில் ஏறிக்கொள்ளச் சொன்னார், ஏறினேன். வீட்டு வாசலில் இறங்கிக் கதவைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கையில் இருந்ததை மேசைமேல் வைத்தேன். மக்ரூன் பாக்கெட். அதோடு ரோஸ் கலரில் இரண்டு சின்னச் செருப்பு.

அது யாருடைய செருப்பு என்று எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியாது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன செருப்பு, நாம் ஏன் எடுத்து வந்தோம் என்றுகூட யோசித்தேன். பிறகு அதன் வாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தேன். செருப்பையும் பாக்கெட்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டு எழுந்தேன். எப்படி ஓடினேன், எந்த வண்டியை மறித்தேன் என்று நினைவில்லை, ஆனால் வழியெல்லாம் மாதாவே மாதாவே என்று கத்திக்கொண்டு போனது நினைவிருக்கிறது. குழந்தை அங்கேதான் இருந்தாள். வேகவைத்த கடலை விற்கிற அம்மா அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக் கையில் கடலை கொடுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா பிடித்துக்கொண்டாள். "ஏன் அண்ணாச்சி, பச்சப்பிள்ளய விட்டுட்டு எங்கன போனிய? கடல் இங்கன கிடக்குல்லா! ரெண்டு வாட்டி தண்ணிக்குள்ள எறங்கிட்டா, நான்தான் இழுத்துட்டு வந்தேன்." ரூபன், ஜெனியின் கவுன் இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தது.

நான் அந்த அம்மாவிடம் வயிற்றுவலி என்று சொன்னேன். பிறகு உன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, "தாத்தா போயிட்டு வந்தத வீட்டுல சொல்லாண்டாம், அப்பாகிட்டயும் சொல்லாண்டாம், என்னட்டி?" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஏன் தாத்தா? பொய் சொல்லக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க" என்றாள். நான் மக்ரூன் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். இன்றுவரைக்கும் சொல்லவில்லை போலிருக்கிறது, சொல்லியிருந்தால் நீ அடுத்த ரயிலிலேயே வந்திருப்பாய். சாப்பாட்டு மேசையில் உன்னை உட்கார வைத்துச் செய்ததையே உன் மகளுக்கும் செய்துவிட்டேன். உனக்காவது அப்போது மீசை முளைத்திருந்தது. அவளிடம் நீ சொல்லிவிடு, தாத்தாவுக்காக அவள் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்று. நீயும் ஒன்று செய்யாதே: எந்தக் காரணத்துக்காகவும், எவ்வளவு சின்ன விஷயமானாலும், அவளைப் பார்த்து 'யாரிடமும் சொல்லாதே' என்று சொல்லிவிடாதே. நான் உனக்குப் புத்தி சொல்லும் தகுதியை இழந்தவன், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என்னைவிட அனுபவசாலி உனக்குக் கிடைக்க மாட்டான்.

இதற்குப் பிறகும் நீ நம்பாவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். போன மாதம், ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் கட்டப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் தனியாகத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன். எங்கே இறங்க வேண்டும் என்று உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தேன். வேறு நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, ஆனாலும் அதே டாக்டரம்மாவிடம்தான் போனேன். என்னை ஒரு தடவை பிடித்தவர் நம்பினால்தான் நீ நம்புவாய் என்று தோன்றியது. அவருக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. உள்ளே போனதும் நின்றுகொண்டே சொன்னேன், "அம்மா, பதினாறு வருஷத்துக்கு முன்னால இதே ஆஸ்பத்திரியில உங்ககிட்ட வேணும்னே தப்பாச் சொன்னவன் நான். நாப்பத்தெட்டு." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு உங்க முகம் ஞாபகம் இல்லையே ஐயா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு உட்காரச் சொன்னார்.

"இன்னைக்கு எதுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். "நீங்க என்ன நம்பணும்" என்றேன். "நம்புறது என் வேலை இல்லை. சோதிச்சுப் பாக்கிறதுதான் வேலை. மறதின்னு முடிவானா உங்களுக்கு ஏதாவது ஆதாயம் இருக்கா?" என்றார். நான் மறைக்கவில்லை. மகன் பேத்தியை என்னிடம் விட்டுப்போக மாட்டான், ஒருவேளை வெளிநாட்டுக்கே போகாமல் இருந்துவிடுவான், அதுவும் எனக்கு ஆசைதான் என்று சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார். "ஆதாயம் இருந்தா பொய்யின்னு அர்த்தம் கிடையாது ஐயா. அன்னைக்குப் பொய் சொன்னா இன்னைக்கும் பொய்தான்னும் கிடையாது. நான் கூடுதல் கவனமாப் பாக்கணும், அவ்வளவுதான்" என்றார். பதினாறு வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படிப் பேசவில்லை. நீ பேசாததற்கு நான்தான் காரணம், உன்னைச் சொல்லவில்லை.

இரண்டரை மணி நேரம் நடந்தது. நடுவில் மறுபடியும் படங்கள் வந்தன, வேறு படங்கள். இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும். நன்றாகச் செய்துவிட்டால் மறதி இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார், மோசமாகச் செய்தால் நடிக்கிறேன் என்பார் என்று பயம். ஒரு கட்டத்தில், பத்துப் பதினைந்து தப்பு விட்டால் பொருத்தமாக இருக்குமோ என்றுகூட மனசுக்குள் ஓடியது. பார், இந்த வயதிலும் என் புத்தி எங்கே போகிறது என்று. கடலையம்மா சொன்னதை நினைத்துக்கொண்டேன். சரி என்று பட்டதை மட்டும் தொட்டேன். அதற்குப் பிறகு எதையோ கேட்டார், எனக்கு விளங்கவில்லை. "கொஞ்ச நேரத்துக்கு முன்னால நான் வாசிச்சேனே, அந்த வார்த்தைகள்ல எதெல்லாம் ஞாபகம் இருக்கு?" என்று திரும்பவும் கேட்டார். "எந்த வார்த்தை?" என்றேன். பதினைந்து வார்த்தைகளை ஐந்து தடவை எனக்கு வாசித்துக் காட்டினாராம், ஒவ்வொரு தடவையும் நான் திருப்பிச் சொன்னேனாம். வாசித்ததே எனக்கு நினைவில் இல்லை.

கடைசியில் சொன்னார். "அந்தப் படப் பரீட்சை பாக்கத்தான் கஷ்டம் மாதிரி இருக்கும். மறதி நோய் தொடங்கினவங்களுக்கும் அது பெரும்பாலும் சரியா வந்திடும். மனசு வெச்சுச் செய்யிறாங்களான்னு பாக்கத்தான் அது. உங்களுக்கு அம்பதுல நாப்பத்தேழு சரி. வேற ரெண்டு விதமாவும் பாத்தேன், அதுவும் ஒத்துப்போகுது. அதனால மத்ததுல விட்டத நீங்க வேணும்னே விட்டதா நான் எடுத்துக்க முடியாது." நான் துள்ளிவிட்டேன் ரூபன். "அப்ப நம்புதியளா?" என்றேன், பரீட்சையில் பாஸான பையனைப் போல. அவர், "ஆமாய்யா" என்றார். சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, அவர் நம்பிவிட்டார் என்றால் என்ன அர்த்தம் என்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். எதற்காக அழுதேன் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இது என்ன நோய் என்று அவர் இன்னும் பெயர் சொல்லவில்லை. மூளையை ஸ்கேன் எடுக்க வேண்டும், ரத்தம் பார்க்க வேண்டும், நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருடைய ரிப்போர்ட்டின் நகலை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் பாக்கி. வீட்டு ஆள் ஒருவரிடம் பேச வேண்டும் என்றார். அன்றைக்கு உன்னிடம் கேட்ட அதே கேள்விதான்: வீட்டில் இவர் எப்படி இருக்கிறார்? ரிப்போர்ட்டில் அவர் நம்பர் இருக்கிறது. கூப்பிடு. இந்தத் தடவை உனக்கு நான் எந்தப் பாடமும் சொல்லித் தரவில்லை. கிறிஸ்மஸுக்கு நீ பார்த்ததைச் சொல். நான் நடித்ததாக உனக்குத் தோன்றினால் அதையும் சொல். எதைக் கண்ணால் பார்த்தாயோ அதைச் சொன்னால் போதும், அன்றைக்கு நீ சொல்ல விரும்பியதும் அதைத்தானே.

தோஹாவுக்குப் போ. நான் தடுக்கவில்லை. ஜெனியைக் கூட்டிக்கொண்டு போக வழி பார், இல்லையென்றால் ஸ்டெல்லாவின் அம்மாவிடம் விடு. அம்மாவிடம் ஆஸ்பத்திரி விஷயத்தை நீயே சொல், ஆனால் கடற்கரைக் கதையை நான் சொல்கிறேன், அது என் வாயால்தான் வர வேண்டும். நான் மறந்துவிடக் கூடாது என்று அதையும் சீட்டில் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். அந்தச் சாயங்காலத்துக்காகவும், அந்தச் சாப்பாட்டு மேசைக்காகவும், அந்த பஸ்ஸுக்காகவும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பதினாறு வருஷத்துக்கு முன்னாலேயே எழுந்து வந்து உன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று, இதுதான் முக்கியம். இந்தக் கடிதம் கிடைத்ததும் நீ பதறிப்போய் எனக்குப் போன் போடுவாய். அன்று எனக்கு நல்ல நாளாக இருந்தால் எனக்கு வெட்கம் வந்துவிடும். கெட்ட நாளாக இருந்தால் எழுதியதே நினைவிருக்காது. எப்படியானாலும், "எனக்கு ஒண்ணும் இல்ல மக்கா, ஏதோ வெசனத்துல எழுதிட்டேன், பிள்ளையக் கொண்டாந்து விட்டுட்டு நீ நிம்மதியாப் போ" என்று சொல்வேன். சிரித்துக்கொண்டே, நீ நம்புகிற மாதிரியே சொல்வேன். அதில் நான் கெட்டிக்காரன் என்று உனக்குத் தெரியும். அந்த ஆளை நம்பாதே ரூபன். இதை எழுதுகிறவனை நம்பு.

உன் அப்பா